கைக்குட்டையில் ஒரு மஞ்சள் கோடு

என் வீட்டுக்காரி அம்மா வீட்டுக்குப் போய் ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டெல்லாம் போகவில்லை. காவேரிப் பாலத்தில் என் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஸ்ரீரங்கத்தில் இருந்தாள். முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன், பிடிக்கவே இல்லை. முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் ஃபோர்க்கில் இருக்கும் ஆயில் கசிந்து இறங்கி பிரேக்குக்குள் போயிருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளணும் போல வரும்.

கட்டுப் பிரித்ததும் போனில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வண்டியைச் சரி பண்ணி எடுத்துட்டு வாங்க. அந்த ஃபோர்க்கை வெள்ளைக் கைக்குட்டையால துடைச்சுப் பார்ப்பேன். காஞ்சிருந்தா பின்னாடி உட்கார்ந்து வரேன். இல்லேன்னா இந்த ஜென்மத்துல அதுல ஏற மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அவள். வீட்டில் நாங்கள் பேசுவது கேஸ், கரண்ட் பில், குழம்புக்கு உப்பு போதுமா, அவ்வளவுதான். மனசில் இருப்பதையெல்லாம் அவள் வண்டியில்தான் பேசுவாள், என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு. அது போய்விட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது?

அந்த மாடலுக்கு ஆயில் சீல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் ஒரே ஒரு ஜோடி வந்தது. சீல் என்றால் ஆயிலை வெளியே விடாமல் நிறுத்தும் ரப்பர் வளையம்தான். உள்ளே மெல்லிசாக ஒரு உதடு, அதை அணைத்து ஒரு பொடி ஸ்பிரிங். உதடு கிழிந்தால் அவ்வளவுதான், அடுத்ததுக்கு எங்கே போவேன்?

ஞாயிறு காலையில் கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். முதல் சீலை யோசித்து யோசித்துப் போட்டேன், ஒழுங்காக இறங்கியது. இரண்டாவதைக் கையில் எடுத்தபோது அவளிடமிருந்து போன். "கிளம்பிட்டீங்களா?" "ஆச்சு, ஆச்சு" என்று எரிந்து விழுந்துவிட்டு, சீலை வைத்து அளவான இரும்புக் குழாயால் தட்டினேன்.

பாதி இறங்கியதும் பார்த்தேன். ஸ்பிரிங் என்னைப் பார்த்து இளிக்கிறது! ஐயோ, தலைகீழ்!

இருபத்தைந்து வருஷமாக ஃபாக்டரியில் கன்வேயர் பெல்ட் வேலை. அங்கே எங்களுக்கு எதிரி தூசு, அது உள்ளே போகாமல் இருக்க சீலின் ஸ்பிரிங்கை வெளிப்பக்கம் வைத்துத்தான் போடுவோம். ஃபோர்க்கில் ஆயில் வெளியே வரக்கூடாது, ஸ்பிரிங் உள்ளே இருக்கணும். புத்தி போன் பேசியதில் இருந்தது, கை அதன் பழக்கத்தில் போட்டுவிட்டது. மடையா, மடையா என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிழிந்துவிடும். வெந்நீர் போட்டு, உலோகம் விரியட்டும் என்று சீல் உட்கார்ந்திருந்த ஃபோர்க்கின் அலுமினியக் கால்மேல் ஊற்றினேன். விளிம்பில் ஃபோர்க் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியை விரல் நுனியால் பிடித்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்தேன். கை சுட்டது. விடவில்லை. கடைசியில் வந்தது. உதட்டைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன், கீறல் இல்லை. அப்போதுதான் மூச்சே விட்டேன்.

திருப்பி வைத்துத் தட்டினேன். உதட்டில் தாராளமாக ஆயில் தடவி, முனை உதட்டைக் கிழிக்காமல் இருக்க ஃபோர்க் குழாயின் முனையில் பால் கவரைச் சுற்றி, கவருக்கும் ஆயில் பூசி மெதுவாக உள்ளே விட்டேன். பிரேக்கையும் பிரித்து, ஆயில் ஊறிய கட்டையை எடுத்துவிட்டுப் புதுசு போட்டேன்.

பாலத்தைத் தாண்டி மாமியார் வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி மூன்று. அவள் பையோடு தயாராக நின்றாள். குனிந்து இடதுகையால் ஃபோர்க்கைத் துடைத்தாள். கைக்குட்டையில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு.

"இது ஒழுகல் இல்லை. சீல் போடறப்போ தடவின ஆயில். லேசா ஈரம் இருக்கத்தான் செய்யும்."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க."

ஆமாம். விழுவதற்கு ரெண்டு வாரம் முன்னால் அவள் ஈரத்தைக் காட்டிக் கேட்டபோதும், ஒழுகல் இல்லை, லேசா ஈரம் இருக்கத்தான் செய்யும் என்றுதான் சொல்லியிருந்தேன். "அன்னைக்குப் பொய் சொன்னேன். ஒழுகுதுன்னு தெரியும். அலையச் சோம்பேறித்தனம், அதான். இன்னைக்குச் சொல்றது நெசம்."

அவள் கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "பஸ்ல வரேன். பின்னாடியே வாங்க."

பஸ்ஸின் பின்னாலேயே பாலத்தைக் கடந்தேன். சீல் தாங்குகிறதா என்று பார்க்க, வழியில் ஒரு பள்ளத்தையும் நான் தவிர்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் கைக்குட்டையால் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓடிப்போய் அவள் முன்னால் விரித்துக் காட்டினேன்.

"வண்டியை யாருங்க சந்தேகப்பட்டா?" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.