காட்டுவதற்கு ஒரு மாஸ்க்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, எங்காவது ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் கையைத் தாண்டி ஒரு கோளாறு வெளியே போகாது என்று எங்கள் சூப்பர்வைசரே பலர் முன்னால் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அதனால்தான். என் வீட்டார் என்னைத் துணியை வைத்தே ஏமாற்றினார்கள்.

கொரோனா வந்து கம்பெனியை மூடியதும் நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் அப்பா வேலை பார்க்கிற டீ எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் அப்பா, அம்மா, நான். பக்கத்து லைனில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். நாடே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாலும் டீ ஃபேக்டரியைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். ஊரடங்கு என்று சொன்னால் கொழுந்து கேட்குமா? அப்பா வேலைக்குக் கிளம்பினார்.

அவருக்கு வேலை டீத்தூள் சலிக்கிற அறையில். உள்ளே போனால் காற்றே பழுப்பாக இருக்கும். எத்தனையோ வருஷமாக அதைக் குடித்துக் குடித்து அவர் நெஞ்சு கெட்டுப் போயிருந்தது. பனிக்காலத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் அடுத்த வீடு வரை கேட்கும். இந்த நெஞ்சு இன்னொரு பெரிய சளியைத் தாங்காது என்று குன்னூர் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த நோய் அப்பாவைத் தொட்டால் அவர் நமக்கு இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

கடையில் விற்ற துணி மாஸ்க்கைப் பார்த்தேன். கொசுவலைக்குச் சொந்தக்காரன் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஃபோனில் தேடித் தேடிப் படித்தேன். ஆஸ்பத்திரி மாஸ்க்குக்குத் துணி ஈடாகாது. ஆனாலும் நெருக்கமாக நெய்த பருத்தியை அடுக்கடுக்காக வைத்து, மூக்கோரம் கன்னத்தோரம் இடைவெளி இல்லாமல் தைத்தால் ஓரளவு தடுக்கும் என்று புரிந்தது. வெளியே நெருக்கமான பருத்தி, நடுவில் இன்னொன்று, உள்ளே துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வெள்ளை வேட்டி. மூக்குக்கு மேலே வளைக்க ஒரு மெல்லிய கம்பி. துணியை நான் வெட்ட, அக்கா தன் மெஷினில் நாலைந்து மாஸ்க் தைத்தாள். மெழுகுவத்தி ஏற்றி, அக்கா வீட்டுக்காரரை மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு ஊதச் சொன்னேன். கன்னம் புடைக்க ஊதினார். சுடர் அசையவில்லை.

"செக்கிங் மேடம் பாஸ் பண்ணிட்டாங்க. இனி கொரோனா கோயமுத்தூரோட திரும்பிப் போயிரும்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

சலிக்கிற அறை ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மாஸ்க் என்ற பேச்சே இல்லாத காலத்திலும் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். வேலை முடிந்ததும் அவிழ்த்து உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். மூக்கு படுகிற இடம் பழுப்பாக இருந்தால் தூள் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். "இன்னைக்கு எத்தனை டீ குடிச்சீங்க?" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வார்கள். சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்தது அது. தூளை நிறுத்துகிற துணி நோயையும் நிறுத்திவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான். அப்பா தினமும் வாசலில் நின்று மாஸ்க்கின் உள்பக்கத்தை எனக்குக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

அவரும் காட்டினார். ஒரு நாள் தவறவில்லை.

"பாரு கண்ணு, ஒரு பொட்டுத் தூள் இருக்குதா?"

இருக்காது. வேட்டித் துணி வெள்ளை வெளேரென்று இருக்கும். திருப்பூர்த் தோழிகளுக்கெல்லாம் ஃபோன் போட்டுப் பெருமை பேசினேன். துவைக்கக் கை நீட்டினால் மட்டும் தர மாட்டார். "வெளியில சுத்திட்டு வந்த துணி, நீ தொடாத. உங்கம்மா பாத்துக்குவா" என்பார். என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்து உருகினேன்.

கம்பெனி திறந்த பிறகும் நான் அப்பாவை விட்டுப் போகவில்லை. இரண்டாவது அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மழையில் நனைந்ததுதான் என்றார். பிறகு கட்டிலிலிருந்து கதவு வரை நடக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஊட்டிக்குக் கொண்டுபோனது. பின்னாலேயே துணிமணியும் மாஸ்க்கும் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. ஆணியில் ஒரே ஒரு மாஸ்க்தான் தொங்கியது. மற்றதெல்லாம் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பங்கரைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அடுப்புக்கு மேலே, விறகு காயப் போடுகிற பரணுக்குப் பின்னால் ஒரு கயிறு. அதில் மற்ற மாஸ்க்குகள் தொங்கின. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். உள்ளே மூக்கும் வாயும் படுகிற இடம் நல்ல பழுப்பு. டீக்கறை எத்தனை கொதி வைத்தாலும் வெள்ளைத் துணியை விட்டுப் போகாது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பின்னால் இருந்த என் விரல்கள் தெரிந்தன. ஓரத்தைப் பார்த்தேன். புதுத் தையலுக்குப் பக்கத்திலேயே வரிசையாகப் பழைய ஊசி ஓட்டைகள். இந்த ஓட்டைக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரித்து, நடுத்துணியை உருவிவிட்டு, திரும்பத் தைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா கெஞ்சுனாருடி. மூணு துணியக் கட்டிட்டு மூட்டை தூக்க முடியல, நடுவுல இருக்கறத எடுத்துருன்னாரு. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாரு. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"அப்ப தினமும் எனக்குக் காட்டுனது?"

உள்ளே இருந்து அக்கா வீட்டுக்காரர்தான் சொன்னார். "அது காட்டறதுக்குன்னே ஒண்ணு பிரிக்காம வச்சது பாப்பா. வர்றப்ப பைப்படில நின்னு மாத்திக்குவாரு." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். பாவம், சங்கடத்தில்தான் சிரித்திருப்பார். இன்றைக்கு வரை நான் அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை.

பைப்படி என்றால் லைன் ஜனமெல்லாம் தண்ணீர் பிடிக்கிற இடம். அங்கே நின்று மாற்றினால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அம்மா கறைத் துணியைக் கொதிக்க வைத்து ஒளித்தாள். அக்கா பிரித்துத் தைத்தாள். நான் தினமும் வாசலில் நின்று, ஒரு மூச்சும் படாத துணியைப் பார்த்துப் பூரித்துப்போனேன். பைத்தியக்காரி என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நடுத்துணி இருந்திருந்தால் அவருக்கு நோய் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. துணி துணிதான். டீ குடிக்கிற நேரத்தில் எல்லோரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே பிடித்ததோ என்னவோ. என் கோபம் அதில்லை. மூச்சு முட்டுகிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லீவு போட வைத்திருப்பேன், வேறு துணி தேடியிருப்பேன், ஃபேக்டரிக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்து வேறு வேலைக்கு மாற்றக் கேட்டிருப்பேன். எதுவும் பலிக்காமல் போயிருக்கலாம். ஆனால் அப்பாவுக்காக ஏதாவது செய்து பார்க்கிற வாய்ப்பை, அவரும் சேர்ந்து, என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

அப்பா பிழைத்து வந்தார். பாதி நெஞ்சோடு வந்தார் என்று சொல்ல வேண்டும். வேலைக்குத் திரும்பவில்லை. வெயில் வந்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார், மேகம் இறங்கினால் உள்ளே தூக்கிக்கொண்டு போவோம். உடம்பு தேறட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் சண்டையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். திருப்பூர் வேலைக்குத் திரும்பிய பிறகு, லீவுக்கு வருகிறபோதெல்லாம் தேறியிருக்கிறாரா என்று பார்ப்பேன்.

போன தடவை வந்தபோது பொறுக்க முடியவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"என்னைய ஏனுங்கப்பா ஏமாத்துனீங்க?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்தது. இத்தனை நாளும் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார் போல. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டுனா... மூச்சு... முட்டுச்சு... கண்ணு."

ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று மூச்சு வாங்கினார். முகத்தில் துணி எதுவும் இல்லை. நான் கேட்க வேண்டியது இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. சண்டை போட எதிராளிக்கும் மூச்சு வேண்டும். அவர் நெஞ்சு அடங்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.