யார் சாவுக்கு ஏரி ஓயும்

விளக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். இத்தனைக்கும் என் பிழைப்பே அதுதான். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நாலு வரிச் செய்யுளைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பழைய உரைகாரர் ஒருவர் இப்படிச் சொல்கிறார், பின்னால் வந்தவர் அவரை மறுத்து அப்படிச் சொல்கிறார் என்று முக்கால் மணி நேரம் ஓட்டிவிடுவேன். அதில் எனக்குத் துளி பயம் கிடையாது. எந்த உரை தப்பாகப் போனாலும் யார் வீட்டு அடுப்பும் அணையப் போவதில்லை. ஆனால் தலைமையாசிரியர் கூப்பிட்டு, “ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துடுங்க டீச்சர்” என்றால் மூன்று தடவை எழுதிக் கிழிப்பேன். அது உரை இல்லை, குற்றப்பத்திரிகை.

எங்கள் குப்பத்தில் அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஊர்க்கூட்டம் ஒருவரைக் கோயில் முன்னால் நிறுத்தி, “விளக்கம் சொல்லு” என்று கேட்பது. சொன்ன விளக்கம் எடுபடவில்லை என்றால் படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள், தொழிலுக்குப் போக முடியாது. எதிர்த்துப் பேசினால் ஊர் விலக்கு. கடையில் தீப்பெட்டி கிடைக்காது. குழாயடியில் நாம் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்துபோகும். போன தை மாதம் என் வீட்டுக்காரரை அப்படிக் கூப்பிட்டார்கள்.

விஷயம் இதுதான். பழவேற்காடு ஏரியில் எறா, அதாவது இறால், ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே போய் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு உன்னுடையது, நாளைக்கு அடுத்தவனுடையது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஏரி ஓயும். துக்கம் முடிகிறவரை யாரும் இறங்கக் கூடாது. அன்றைக்கு யாருடைய பாடோ, அது அவனுக்குக் கெடாது. ஓய்வு முடிந்ததும் அவன்தான் முதலில் இறங்குவான், வரிசை அப்படியே தள்ளிப்போகும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

டவுனில் ஒரு பாய் இருந்தார். எங்கள் எறாவையும் நண்டையும் எடுத்துப் போகிற வியாபாரி. குப்பத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அவர் வண்டிதான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடும். என் மகள் ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை, அந்த வண்டியிலேயே பிறந்துவிட்டாள், ஐஸ் பெட்டிக்கும் நண்டுக் கூடைக்கும் நடுவில். அந்தப் பாய் ஒருநாள் விடியற்காலையில் இறந்துபோனார். பள்ளிவாசல் மைக்கில் சொன்னார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் பாடு. படகில் ஏற்றிய வலையை இறக்கி வைத்துவிட்டு வந்து சட்டை தேடினார். அவர் மட்டுமில்லை, குப்பத்தில் ஒரு படகும் நகரவில்லை. தலைவர் அறிவிக்கவில்லை, தமுக்கு அடிக்கவில்லை. ஆம்பிளைகள் எல்லோரும் பாயின் மையத்துக்குப் பின்னால் நடந்து போய், மண் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் எல்லாப் படகும் ஏரிக்குப் போனது, பாடு இல்லாதவர்கள் நண்டுக்கும் மீனுக்கும். என் வீட்டுக்காரர், நேற்று விட்ட பாடு இன்றைக்கு என்று தன் இடத்தில் வலை கட்டினார். வரிசையில் அடுத்தவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அவரும் அதே இடத்துக்கு வந்து கட்டினார். இரண்டு வலையும் பின்னிக்கொண்டு, கிழித்துத்தான் பிரிக்க முடிந்தது. துடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்றார்களாம் இரண்டு பேரும். நல்லவேளை, அடிக்கவில்லை.

“பாய் சாவு இன்னா ஊர் சாவா? நீ போனது உன் இஷ்டம். உன் பாடு போச்சு. என் பாட்டுல நீ எப்பிடிக் கை வெப்ப?” இதுதான் எதிர்வீட்டுக்காரர் வழக்கு. தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் பேச்சு எனக்குத் தெரியும். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். அந்த ஒன்றும் எரிகிற கொள்ளியாக இருக்கும். தலைவரைப் பார்த்து ஏதாவது சொல்லிவைத்தால் என்ன ஆவது? வீடு சொந்தம், என் சம்பளத்தில் சாப்பிடலாம், சரி. ஆனால் பேசுவதற்கு ஆளில்லாத ஊரில் எப்படி இருப்பது? என் மகளோடு யாரும் விளையாட மாட்டார்கள். பொழுது விடிந்தால் எனக்கு இதே நினைப்பு.

எனக்குத் தெரிந்த ஒரே வழி பாடம் நடத்துவது. அவரை உட்காரவைத்து நடத்தினேன். “ஏரி எதுக்கு ஓயுது? துக்கத்துக்கு. அன்னிக்கு ஊரே ஓய்ஞ்சுதா இல்லியா? ஊரே ஓய்ஞ்சா அது ஊர் சாவுதானே? ஊர் சாவுன்னா பாடு தள்ளிப்போவும். அவ்ளோதான். இத மட்டும் சொல்லு. தலைவர் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. மொறைக்காத.”

“சரிங்க டீச்சரம்மா” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“கிண்டலா? யோவ், படகு போயிடும்யா!”

“போனா இன்னா மே, உன்கூடப் பையத் தூக்கினு ஸ்கூலுக்கு வரேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

எங்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டின்போது அவளிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் சமாதானம் சொல்வாள் என்று பார்த்தால், என் பயத்தை இன்னும் கொஞ்சம் கிளப்பிவிட்டாள். “ஆலாபனை பண்றதும் விளக்கம்தான் டீச்சர். பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி ராகத்தை விரிச்சுக் காட்டணும். விரிக்க விரிக்க அழகுதான். ஆனா ஒரு சுரம் தப்பாத் தொட்டுட்டா பக்கத்து ராகத்துல போய் விழுந்துடுவோம். அப்புறம் எத்தனை நல்லாப் பாடினாலும் அது வேற ராகம்.” தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அவரைச் சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கலாமோ என்று அன்றைக்கு முழுக்க அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பள்ளிவாசலில் பயான், அவர்கள் பிரசங்கம், நடந்துகொண்டிருந்தது. ஹஜ்ரத் ஒரு சின்ன வசனத்தை எடுத்துக்கொண்டு கதை, கேள்வி, பதில் என்று விரித்துக்கொண்டே போனார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஒருத்தரும் எழுந்து நின்று, “அப்படின்னா இதுக்கு இன்னா சொல்ற?” என்று மடக்குவதில்லை. ஊர்க்கூட்டத்தில் அந்த ஒரு கேள்விக்காகத்தான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மன் கோயில் முன்னால் ஆம்பிளைகள் மணலில் உட்கார்ந்தார்கள். பொம்பிளைகள் பேசக் கூடாது. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். இறந்துபோன பாயின் மகன் வழக்கம்போல எறா எடுக்க வண்டியோடு வந்திருந்தான். கூட்டம் என்று தெரிந்ததும் வண்டி ஓரமாகவே நின்றான்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முறைக்கவில்லை. ஏரி எதற்கு ஓய்கிறது, அன்றைக்கு யார் இறங்கினார்கள், எல்லாம் வரிசையாக வந்தது. கூட்டத்தில் இரண்டு மூன்று தலை ஆடியது. பக்கத்தில் நின்றவள் என் இடுப்பில் இடித்து, “உன் வேலைதானே இது?” என்றாள். வாயில் அடைத்திருந்த முந்தானையை எடுத்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் எழுந்தார். “சரிப்பா, ஊர் சாவுன்னே வெச்சிக்குவோம். ஊர் சாவுன்னா துக்கம் முடிஞ்சாத்தானே எறங்கணும்? நமக்கு ஒருத்தன் செத்தா பால் தெளிச்ச அப்பால எறங்குவோம். பாய்க்கு யாரு பால் தெளிச்சது?”

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். “தம்பி, இங்க வா. உங்க வழக்கத்துல துக்கம் எத்தினி நாளு?”

அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பெரியவர் கேட்கிறார் என்று மரியாதையாக, “மூணு நாளுங்க” என்றான்.

பாயை அடக்கம் செய்த மறுநாளே என் வீட்டுக்காரர் வலை கட்டியிருக்கிறார். ஊர் சாவு இல்லை என்றால் அவர் அடுத்தவன் பாட்டில் கைவைத்தவர். அம்மன் முன்னால் விழுந்து எழுந்து, அடுத்த பாட்டை விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது. ஊர் சாவுதான் என்றால் அவர் துக்கத்தில் ஏரியில் இறங்கியவர். அதற்குப் பாடு ஒரு சுற்று முடிகிறவரை படகு கரையில் கிடக்க வேண்டும். நான் கட்டிக் கொடுத்த விளக்கம்தான் அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

தலைவர் கேட்டார். “விளக்கமெல்லாம் போதும். ஒரே வார்த்தை சொல்லு. பாய் சாவு நம்ம ஊர் சாவா, இல்லியா?”

இல்லைன்னு சொல்லுய்யா. அம்மா தாயே, இல்லைன்னு சொல்ல வை. மனசுக்குள் அப்படித்தான் கதறினேன். கத்தியே இருப்பேன், பொம்பிளைகள் பேசக் கூடாது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைவரையும் பார்க்கவில்லை. வண்டியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பையனைப் பார்த்தார். “நம்ம ஊர் சாவுதான்” என்றார்.

“அப்ப படகு ஏறட்டும்” என்றார் தலைவர். கூட்டம் கலைந்தது.

பாய் மகன் எங்களிடம் வரவில்லை. அன்றைக்கு எறா எடுக்காமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். எங்கள் படகை நாலு பேர் சேர்ந்து மேட்டில் ஏற்றிக் கவிழ்த்தார்கள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, “உனக்குப் புத்தி இருக்குதா? பொண்ணு பேர்ல கொஞ்சமாச்சும் அக்கறை இருக்குதா?” என்று கத்தினேன். “இருக்குது. அவ அந்த வண்டியிலதானே பொறந்தா” என்றார்.

சாயங்காலம் வாசலில் மணலில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. நாலைந்து ஆம்பிளைக் குரல். ஐயோ, படகோடு நிற்கவில்லை, வலையையும் எடுக்க வந்துவிட்டார்கள், விலக்கே வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மகளைப் பின்னால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

எதிர்வீட்டுக்காரர்தான். ஆள் வைத்துத் தன் படகை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கவிழ்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து எரிந்து விழுந்தார். “இன்னா பாக்கற? அவன் எறங்குன அன்னிக்கு நானும்தானே எறங்குனேன்? ஊர் சாவுன்னு ஆயிப்போச்சு. எனக்கு மட்டும் வேறயா?”

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றார்கள். “பீடி இருக்குதாடா?” என்றார் எதிர்வீட்டுக்காரர். இவர் எடுத்துக் கொடுத்தார்.

அதற்குள் இருட்டிவிட்டது. பாயை அடக்கம் செய்த மறுநாள் ஏரியில் இறங்கியவர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டுமா என்ன? ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன். எண்ணவே பயமாக இருந்தது. மொத்தக் குப்பமும் இறங்கியது. முதல் படகு தலைவருடையது. அன்றைக்கு விடிவதற்கு முன்னால் அந்த மோட்டார் சத்தத்தில்தான் நான் கண்விழித்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மேட்டில் இரண்டு படகுகள் கவிழ்ந்து கிடந்தன. மூன்றாவதாக ஒன்றும் ஏறவில்லை. எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் பல் துலக்கிக்கொண்டு, ஏரியில் வந்துகொண்டிருந்த தலைவர் படகைக் காட்டி, “இன்னா டீச்சரு, அந்தாளு மட்டும் போயினு வரான்? நீ படிச்சவ, இதுக்கு ஒரு விளக்கம் சொல்லேன்” என்றார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். கேள்வி சரியானது என்று எனக்குத் தெரியும். யாரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரியும். கேட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மன் முன்னால் நிற்கப்போவது யார் என்பதும் தெரியும்.

தலைவர் படகு அப்போதுதான் கரை தொட்டது. கூடை நிறைய எறாவோடு இறங்கியவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “இன்னாம்மா, ஸ்கூலுக்கா?”

“ஆமாங்கண்ணா” என்றேன், சிரித்துக்கொண்டே. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஆனாலும் வேகமாக நடந்தேன்.