டீச்சர் விட்ட ‘ங்க’

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி, டிபன் பாக்ஸைப் பையிலேயே மறந்துவிட்டாள். திங்கட்கிழமை திறந்ததும் புளித்த வாடையில் வீடே மூக்கைப் பிடித்தது. எனக்கு மட்டும் மலேசியா ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

நான் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவள். அந்தப் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர்தான் எனக்குக் கூட்டாளி. ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. கடலில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடி, அத்தனையும் ஒரே பகலில் முடிக்கிற போட்டியாம். கோட்டைப்பட்டினத்துக் கடலில் நீந்திப் பழகினார், இலுப்பூர் ரோட்டில் சைக்கிள் விட்டார். இரண்டு வருஷம். போட்டி மலேசியாவில் என்றதும் என்னைத் துணைக்கு அழைத்தார். எழுத்துத் தெரியாதவள் என்ன துணை என்றேன். நீராகாரம் வைக்கத் தெரியுமே என்றார்.

அந்த ஏர்போர்ட்டில் எல்லோரையும் விரல் வைக்கச் சொன்னார்கள். கோட்டுப் போட்டவர்கூட எனக்குப் பின்னால் நின்று கைநாட்டு வைத்தார். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது.

போட்டியன்று, ரூமில் ஊறப்போட்ட சோற்றைக் கரைத்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். வெயில் நம்மூர் வெயில்தான், புழுக்கம் கூடுதல். நின்று நின்று கால் கடுத்துப்போனது. வெளியாள் கையால் எதை வாங்கினாலும் போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்தில் நின்ற அந்த ஊர்த் தமிழ்ப் பெண் காலையிலேயே சொல்லியிருந்தாள். மதியத்துக்கு மேல் டீச்சர் ஓடி வந்தார். ஓட்டம் என்று சொல்வது என் தாராளம். உதடு வெடித்திருந்தது. பொழுது சாய்வதற்குள் முடிக்காவிட்டால் இரண்டு வருஷமும் வீண். தெரியும். மனசு கேட்டால்தானே? வாளியை நீட்டிவிட்டேன்.

“கைய எடு,” என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

இருபது வருஷப் பழக்கத்தில் வாங்க, போங்க தவிர வேறு பேச்சு அவர் வாயில் நான் கேட்டதில்லை. அந்த ஒரு ‘ங்க’ இல்லாமல் போனது எனக்குச் சுருக்கென்றது. மரத்தடியில் உட்கார்ந்து மொத்த நீராகாரத்தையும் நானே குடித்துத் தீர்த்தேன்.

வெளிச்சம் மங்குகிற நேரம், கெடு முடியக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தார். கழுத்தில் பதக்கத்தோடு நேரே வந்து என் தோளில் சாய்ந்தார்.

“நீராகாரம் எங்கேக்கா?”

“குடிச்சிட்டேன்.”

“பூராவுமா?”

“ஒங்களுக்குத்தான் வேணாமே. கைய எடுன்னு வெரட்டுனீங்க.”

“‘ங்க’ சொல்ல மூச்சு இல்லக்கா.” வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். “ஒரு வாய்கூட வைக்கலையா நீ?”

அன்றிலிருந்து ‘நீ’தான். ஊர் திரும்பிய பிறகும் கண்மாய்க் கரையில் கூடவே நடக்க வைத்து, “கால எட்டிப் போடு” என்று அதட்டுவார். எனக்கு அது இனிக்கும். சொல்லிக்கொண்டதில்லை.

இப்போது அவர் முழங்கால் போய், கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். இங்கே மருமகள் குக்கரில் அளந்து வைக்கிறாள், ஊறப்போடச் சோறு மிஞ்சுவதில்லை. டிபன் பாக்ஸைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, டீச்சருக்குப் போன் போடச் சொன்னேன். பேசி ஆறு மாசமாகிறது.

“நல்லா இருக்கீங்களா அக்கா? சாப்பிட்டீங்களா?” என்றார்.

நிதானமாக, ஒரு எழுத்துகூட விடாமல். இப்போது அவருக்கு மூச்சு நிறைய இருக்கிறது.