அப்பா ரதியாக வந்த மாசி

அப்பாவுக்குத் தன் மீசையிடம் இருந்த மரியாதை தேயிலைத் தோட்டத்துத் துரையிடம்கூட இருந்ததில்லை. அந்த மீசையை மழித்துவிட்டு வந்து நின்ற அன்று, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் திரியும் நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது. எனக்கு அப்போது ஏழு வயது. என்னை அடுத்து அம்மாவுக்குக் கரு தங்கவே இல்லை. ஒருவழியாகத் தங்கிய பாப்பா நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று, மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவதாக அப்பா நேர்ந்துகொண்டிருந்தார்.

வட்டகொடைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து விளையாட்டுக் காரியமில்லை. சிவன் எரித்துவிட்ட மன்மதனுக்காக ரதி அழுவாள். அவள் அழுகைக்கு இரங்கி மூன்றாம் நாள் சிவன் அவனுக்கு உயிர் கொடுப்பார். வேஷக்காரர்கள் கையில் காப்புக் கட்டிக்கொண்டால் கோயிலிலேயே தங்கி விரதம் இருக்கவேண்டும். தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. எந்தத் துக்கத்துக்கும் அழக்கூடாது.

காப்புக் கட்டிய சில நாட்களிலேயே அம்மாவுக்கு மாசம் நிறையாமல் வலி கண்டது. லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போன பெரியம்மா மறுநாள் போன் பண்ணினார். பாப்பா பிழைக்கவில்லை. அம்மாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை; டாக்டர்மார் எந்த வாக்கும் கொடுக்க மறுக்கிறார்கள்.

கூத்துப் பழக்கும் மாஸ்டர் அப்பாவிடம் வந்தார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன்.

"காப்ப அவுத்துருப்பா. பிள்ளைக்காகத்தான கட்டுன, பிள்ளையே போயிருச்சு. சாமி கோவிச்சுக்காது. போயி பிள்ளைய மண்ணுல வச்சுட்டு வா" என்றார் மாஸ்டர்.

அப்பா காப்பு இருந்த கையை மறு கையால் மூடிக்கொண்டார்.

"பிள்ளையப் பெத்தவ இன்னும் கெடக்குறாளேங்க மாஸ்டர். இத அவுத்துட்டா அவளுக்கு யாரு இருக்கா? நான் ஆடுறேங்க."

பெரியப்பாதான் பாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, நேரே மலைக்கு மேலே இருந்த இடுகாட்டுக்குத் தூக்கிப் போனார். பெட்டி என் பள்ளிக்கூடப் பை அளவுதான் இருந்தது. அப்பா வரவில்லை. ஓடிப்போய்க் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். சாமிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொந்தப் பிள்ளையைப் பார்க்க வராத அப்பா எங்கள் லயத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காமனை எரித்தது விடியற்காலையில். அப்பா அம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தார். வைக்கோல் சுற்றிய கம்பத்தில் தீ வைத்ததும் தப்பு மேளம் நின்றது. அது ரதி புலம்பவேண்டிய இடம். மாஸ்டர் பழக்கிய பாட்டை அப்பா எடுத்தார். இரண்டு அடியோடு பாட்டு போய்விட்டது. நெருப்புக்கு முன்னால் விழுந்து, மண்ணை அள்ளி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "மொகத்தக்கூடப் பாக்கலியே, மொகத்தக்கூடப் பாக்கலியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கூடவே வாழ்ந்த மன்மதனின் முகத்தை ரதி எப்படிப் பார்க்காமல் இருந்திருப்பாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மாஸ்டர் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் வாய்விட்டு அழுதார்கள். எங்கள் தோட்டத்துக்கு இப்படியொரு ரதி வந்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கோபமும் தீரவில்லை.

மூன்றாம் நாள், காமனுக்கு உயிர் கொடுத்த அன்று, அம்மா கண்விழித்துக் கஞ்சி கேட்டதாகப் போன் வந்தது. ஏற்றிய இரத்தம்தான் காப்பாற்றியது என்றார் பெரியப்பா. சிவன்தான் என்றார் அத்தை. அப்பா காப்பை அவிழ்த்து ஓடையில் விட்டுக் கும்பிட்டார். "ஒண்ண எடுத்துக்கிட்ட. ஒண்ணக் குடுத்துட்ட. போதும் சாமி" என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோள் சொன்னேன்.

"பாப்பாவத் தூக்கிட்டுப் போனப்ப அப்பா வரவே இல்லம்மா. அழவும் இல்ல. காமனுக்குத்தான் அழுதாரு."

அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அப்பா திரும்பவில்லை. அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, மெதுவாகக் கேட்டாள்.

"வாய்விட்டு அழுதாராடி?"

"ஆமாம்மா. நெருப்பு அணையிற வரைக்கும்."

அம்மா படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினாள். "நல்லவேள சாமி, நல்லவேள" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். எவனோ ஒருவனின் பெண்டாட்டியாக வேஷம் கட்டி அப்பா அழுததற்கு அம்மா ஏன் சாமியைக் கும்பிடவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவளைச் சமாதானப்படுத்த நினைத்து, "ரொம்ப நல்லா நடிச்சாரும்மா" என்றேன்.