நான் வார்த்த ஐந்தாவது தலை

நகைப் பெஞ்ச் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கனடாவில், ஸ்காபரோவில் நகை திருத்தும் கடையொன்றில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். பெரிய பிழை மூன்று விட்டேன். இரண்டு தங்கத்தில், அவற்றைச் சரிசெய்துவிட்டேன். மூன்றாவது பித்தளையில்.

1. கோர்ப்பு

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் முதலாளி குகன் என் மேசையில் ஒரு துணிப்பையை வைத்தார். அவர் என்னைவிடப் பதினாறு வயது இளையவர்.

"அண்ணை, அஜக்ஸில இருந்து ஒரு நேர்ஸ் கொண்டந்து தந்தது. நாகாலாந்துப் பிள்ளை. அவவின்ர அப்பப்பா, தேப்பன்ர தேப்பன், பெரிய போர்வீரனாம், அவரின்ர மாலை உது. நூல் மட்டும் மாத்தட்டாம். வெள்ளிக்கிழமை வருவா."

சிவப்பு மணிச் சரம். அதன் அடியில் பித்தளையில் நான்கு மனிதத் தலைகள், ஒவ்வொன்றும் பெருவிரல் நுனியளவு. எல்லாம் கண் மூடியிருந்தன. நான்கும் வெவ்வேறு முகங்கள். ஒன்றுக்குத் தாடை கோணல்.

மணிகளை எண்ணினேன்: நூற்றிப் பதினொன்று. மறுபடி எண்ணினேன்: நூற்றிப் பத்து. மூன்றாம் முறை நூற்றிப் பன்னிரண்டு. எனக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. தலைகளைக் குப்புற வைத்துவிட்டு எண்ணினேன். நூற்றிப் பதினொன்றில் நின்றது.

இடப்பக்கம் இரண்டு தலை, வலப்பக்கம் இரண்டு. நடுவில் பத்தொன்பது மில்லிமீட்டர் வெறும் நூல்.

"நடுப் பதக்கம் விழுந்திட்டுது போல" என்றேன்.

"அப்ப ஒண்டு செய்து போடுங்கோவன். அந்தப் பிள்ளை சந்தோசப்படும்."

பையோடு வந்த துண்டுச் சீட்டில் அவளுடைய தொலைபேசி எண் இருந்தது. நான் எடுத்துக் கேட்கவில்லை.

மெழுகில் தலை செதுக்க இரண்டு மணி பத்து நிமிடம் எடுத்தது. எந்த முகத்தையும் பார்த்துச் செதுக்கவில்லை. கை தானாகப் போனது. வார்த்து, அரம் போட்டு முடித்ததும் குகன் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணை, உங்கட தலையையே வெட்டி வச்சிருக்கிறியள்? மூக்கைப் பாருங்கோ."

அவர் சிரித்தார். நான் கவுண்டர்க் கண்ணாடிக்குப் போனேன். மூக்கு சரிதான். ஆனால் கண் மூடினால் என் முகம் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கண்ணாடியில் அதைப் பார்க்க வழியில்லை.

2. வெள்ளிக்கிழமை

அந்த நேர்ஸ் வேலை உடுப்போடேயே வந்தாள். மாலையை விரித்தாள். உதடுகள் அசைந்தன, எண்ணுகிறாள் என்று விளங்கியது. பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்:

"அங்கிள், நடுவில் இருப்பது யார்?"

விழுந்த இடத்தை நிரப்பினேன் என்றேன்.

"ஒன்றும் விழவில்லை. எங்கள் கொன்யாக் குடி ஆட்களில் ஒரு வீரன் எத்தனை தலை கொண்டு வந்தானோ அத்தனையைத்தான் மாலையில் போடலாம். என் அப்பப்பா நான்கு பேரைக் கொன்றவர். அதை நாங்கள் மறைப்பதில்லை. ஐந்தாவது ஆளைக் காட்டில் மடக்கிவிட்டு, போ என்று விட்டுவிட்டார். அவனுக்காக நடுவில் இடம் விட்டார். அது அவர் தானாகச் செய்தது."

நான் நூல் வெட்டும் கத்தரியை எடுத்தேன்.

"அந்த ஐந்தாவது ஆளின் பேரப்பிள்ளை நாளைக்கு முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். வந்ததும் எண்ணுவார். ஐந்து இருந்தால் நாங்கள் இவ்வளவு காலமும் சொன்னது பொய்."

தலையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். "இது உங்கள் முகம்" என்றாள். இந்த முறை குகன் சிரிக்கவில்லை.

அவள் முன்னாலேயே நூலை வெட்டித் தலையைக் கழற்றினேன். அது இல்லாமல் போவதைத் தான் பார்க்க வேண்டும் என்றாள். உருக்கும் மூசையில் போட்டு நெருப்பு டார்ச் பிடித்தேன். நான்கு நிமிடம். முதலில் காதுகள், பிறகு நெற்றி. மூக்கு கடைசியாகக் கரைந்தது. மற்றக் கையால் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

நடுவில் பத்தொன்பது மில்லிமீட்டர் வெறும் நூல் அளந்து விட்டு, மறுபடி கோர்த்துக் கொடுத்தேன். அதன்பின், ஒரு பொருளில் இல்லாத எதையும் உரியவரைக் கேட்காமல் நான் சேர்த்ததில்லை. நீங்களும் சேர்க்க வேண்டாம்.

திங்கட்கிழமை அவள் போன் பண்ணினாள். வந்தவர் விரல் வைத்து எண்ணினாராம். நான்கு. பிறகு விரலை நடுவில், வெறும் நூலின் மேல் வைத்துக் கனநேரம் எடுக்காமல் இருந்தாராம்.

"நாங்கள் பதினேழு பேர் இந்த வெறும் இடத்திலிருந்து வந்தோம்" என்றாராம்.