மல்லி மூட்டையும் மாரீஸ்வரியின் நிபந்தனையும்

கல்யாணத்துக்கு முன்னால், ஆமத்தூரில் எங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவைத் திறந்தால் மல்லி வாசம்தான் வரும்... பூ இல்லை, குழம்புக்கு அரைக்கிற மல்லி.

சிரிக்காதீர்கள். அரசுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த அந்தச் சின்ன அறைதான் எங்கள் வீட்டிலேயே எலி நுழையாத, மழை ஒழுகாத இடம். மேலே கான்கிரீட், முன்னால் இரும்புக் கதவு. அப்பா பார்த்தார். அந்த வருடம் விளைந்த மல்லியை மூட்டை கட்டி உள்ளே அடுக்கிவிட்டார்.

மூன்று வருடம் அப்படியே ஓடியது. ஊருணிக்குப் பின்னால் இருந்த கருவேலங்காடுதான் எங்கள் எல்லோருக்கும்.

நான் அப்போது சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். காலண்டர் சீசன் முடிந்த கையோடு வீட்டில் பெண் பார்த்தார்கள். எம்.புதுப்பட்டிப் பெண், பெயர் மாரீஸ்வரி. பட்டாசு கம்பெனி ஆபீஸில் பில் போடுகிற வேலை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல கக்கூஸ் இருக்குதா?"

"இருக்கு" என்றேன். பொய்யில்லையே...

அடுத்த வாரம் எங்கள் வீட்டைப் பார்க்க அவளுடைய அத்தை நாலு பேரோடு வேனில் வந்தார். கேசரி, மிக்சர், காபி எல்லாம் ஆனது. அத்தை மெதுவாக அம்மாவிடம், "மதினி, கொஞ்சம் ஒதுங்கணும். எங்கன போகணும்?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா விட்டத்தைப் பார்த்தார். அதற்குள் அத்தையே கொல்லைப்பக்கம் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

கழுத்தளவுக்கு மூட்டை.

காட்டுப்பக்கம் கூட்டிப் போகிறேன் என்றாள் அம்மா. பட்டப்பகல். ஆடு மேய்க்கிறவர்கள் வேறு அங்கே நிற்பார்கள். "வேணாம் மதினி" என்று சொல்லிவிட்டு, அத்தை புதுப்பட்டி வரைக்கும் அடக்கிக்கொண்டே போனார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாரீஸ்வரி போன் செய்தாள். மூட்டையை எல்லாம் வெளியே எடுத்தாகிவிட்டது என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"அது சரிங்க. உங்கப்பா அதுல போறாகளா?"

"அவருக்கு வெளிய போயே பழகிருச்சு..."

"அப்ப அடுத்த வெள்ளாமைக்கு மூட்டை திரும்ப உள்ள போயிரும். ஆம்பளைக வெளிய போற வீட்டுல அந்த ரூமு நெலைக்காதுங்க. எங்க தெருவுலயே பாத்துட்டேன். உங்கப்பா போற அன்னைக்கு எனக்குச் சொல்லுங்க. எங்க வீட்டுல நான் பேசிக்கிடுறேன்."

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏலே, நான் எங்க போறேன்னு விசாரிக்கவா மருமக வாறா? சாமி படம் மாட்டுன வீட்டுக்குப் பத்தடியில அது இருக்கலாமாலே? நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணிய அதுல ஊத்தணுமாக்கும். குழி நெறஞ்சா யாரு அள்ளுவா?"

குழி நிறைய வருடக்கணக்காகும் என்று கட்டிய கொத்தனாரையே கூட்டி வந்து சொல்லவைத்தேன். தெருக்குழாயிலிருந்து தண்ணீர் நானே சுமக்கிறேன் என்றேன். அவர் அசையவில்லை. பத்து நாள் போய்விட்டது. புதுப்பட்டியில் வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தரகர் சொன்ன அன்று, மெஷினில் கலரை மாற்றிப் போட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது அப்பா மறுபடியும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஆரம்பித்தார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளைக்குக் கேக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருசமா மத்தியானம் நான் தண்ணி குடிச்சதில்ல. குடிச்சா பொழுது சாயுற வரைக்கும் அடக்கணும்ல? மல்லிக்கு ஒரு ரூமு குடுத்தீக. சரின்னு இருந்துட்டேன்."

குரலை உயர்த்தவே இல்லை. அப்பா அந்த ரசச் சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு வாளித் தண்ணீரோடு கொல்லைப்பக்கம் போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நானும் அம்மாவும் அடுப்படியில் மூச்சுக் காட்டாமல் நின்றோம். வெளியே வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், "போனப் போட்டுச் சொல்லிரு" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

மாரீஸ்வரி "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இப்போது டைல்ஸ் ஒட்டி, பைப் வைத்து, நன்றாக இருக்கிறது. காலையில் முதல் ஆள் அப்பாதான். ஆனைக்குட்டத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றாலும், அங்கே கக்கூஸ் இல்லையென்றால் பந்தி முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். மருமகள் அவரை ஓட்டாத நாளில்லை.

ஒன்று மட்டும் குறைதான். வேப்பங்குச்சியோடு நானும் அவரும் காட்டுக்கு நடந்த அந்தக் கால் மணி நேரத்தில்தான் அப்பா என்னிடம் மனம்விட்டுப் பேசுவார். அந்தப் பேச்சு வீட்டுக்குள் வரவில்லை...

மதியம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுவதுமாகக் குடிக்கிறாள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். இருபத்தெட்டு வயது வரைக்கும் அவள் கையால்தான் சாப்பிட்டிருக்கிறேன். அவள் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை ஒருநாள்கூட நான் கவனிக்கவில்லை.