ஆறாம் படுக்கையின் பெயர்

“ப்ரோக்ராம் எப்பவாச்சும் ஒரு தடவதானே விழுது?” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முஃபீதா நாற்காலியோடு சுழன்று திரும்பிவிடுவாள். “பாலம் எப்பவாச்சும் ஒரு தடவ விழுந்தா விட்டுருவியளா?” சொன்னவர் டீ குடிக்க நழுவிவிடுவார். அவள் திரையோடு சண்டையைத் தொடர்வாள்.

பாளையங்கோட்டையில் சின்ன நிறுவனம். மருத்துவமனை வார்டுகளுக்கு சி என்ற கணினி மொழியில் மென்பொருள் எழுதுகிறார்கள். படுக்கைக்கு ஒரு திரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை. அது அந்த நோயாளியின் நாடியைக் கவனித்து, இறங்கினால் மணி அடித்து, செவிலியர் மேசைத் திரையில் படுக்கையின் பெயரைக் காட்டும். எல்லாத் திரெட்டுகளும் ஒரே நேரத்தில் ஓடுகிறவை. நிரல் ஏன் பாதியில் செயலிழந்து விழுந்தது என்று கண்டுபிடிப்பது முஃபீதாவின் வேலை. மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். முக்காட்டின் நுனியைத் தோளில் செருகிக்கொண்டு, ஒன்று வேலை செய்யும் இடத்தில் பூட்டில்லாமல் நுழைந்துவிடும் திரெட்டுகளை அதட்டத் தொடங்குவாள். “ஏலே, பூட்டுப் போடாம நீ எப்படிலே உள்ள வந்த?”

அவள் கோபத்துக்கு நிரந்தர இலக்கு உடன் வேலை செய்யும் சிவகணேஷ். நிரல் விழுந்தால் தானாக எழுந்து ஓடும்படி செய்துவைத்திருந்தான். அதற்கும் மசியாத இடங்களில், திரெட்டுகள் மோதாதபடி அரை நொடி தூங்கச் சொல்லும் வரியைச் செருகினான். “அழுத புள்ள வாயப் பொத்திட்டு, அழுகைய நிறுத்திட்டேங்கான்” என்று பொருமுவாள்.

போன மழைக்காலத்தில், அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆறாம் படுக்கைப் பெரியவருக்கு நாடி இறங்கியது. திரை பதினொன்றாம் படுக்கை என்று காட்டியது. செவிலி பெனிஷா அங்கே ஓடினாள். பதினொன்றில் இருந்தவர் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்து வருவதற்குள் பெரியவருக்கு நினைவு தப்பிவிட்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். பெனிஷாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எங்கள் மென்பொருளில் குறையில்லை, அந்தப் பெண்தான் தவறாகப் படித்திருப்பாள் என்று நிறுவனத்தின் முதலாளி ஐயம்பெருமாள் சொல்லிவிட்டார்.

“பாக்காமலே எப்படி அண்ணாச்சி சொன்னிய?” என்று முஃபீதா கேட்டாள்.

அதே வார்டில் வேறொரு நாள் நிரல் விழுந்தபோது, அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்ததெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிக் கிடந்தது. அதைக் கிளறினாள். படுக்கையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறின் தலையும் பதினொன்றின் வாலும் ஒட்டிக் கிடந்தன. பெயரை எழுதிவைக்க எல்லாத் திரெட்டுகளுக்கும் ஒரே இடம். ஒன்று எழுதியதைப் படிப்பதற்குள் இன்னொன்று அதன்மேலேயே எழுதிவிடும். அப்படி நேர்ந்தால் சில சமயம் நிரல் விழும். சில சமயம் விழாமல் நின்று பொய் சொல்லும். தூங்கும் வரியை நீக்கிவிட்டு, யார் எந்த இடத்தைத் தொடுகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் கருவியோடு ஓடவிட்டாள். இரண்டு திரெட்டுகள் கையும் களவுமாகச் சிக்கின. ஐயம்பெருமாளைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் காட்டினாள்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். “சரிம்மா. பைய திருத்தி அனுப்பிரு. வெளிய சொல்லாண்டாம்.”

“அப்ப அந்தப் புள்ள?”

“அது ஆஸ்பத்திரி விசயம்லா.”

முஃபீதாவின் காது மடல் சிவந்தது. “நம்ம தப்புக்கு அவ வீட்டுல உக்காந்துருக்கா. திருத்தம் நாளைக்குப் போவட்டும் அண்ணாச்சி, உண்மை இப்பமே போவணும்.” மருத்துவமனைத் தலைமைச் செவிலி லூர்து மேரியைத் தன் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் ஐயம்பெருமாள் முன்னால் வைத்தாள்.

ஐயம்பெருமாள் தொண்டையைச் செருமினார். “சிஸ்டர்... அன்னைக்குப் பேரு மாறுனது எங்க ப்ரோக்ராமாலதான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.”

“இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?” என்றார் லூர்து மேரி. “அவள நாளைக்கே வரச் சொல்லுதேன்.”

அழைப்பைத் துண்டிக்க ஐயம்பெருமாள் விரலை நீட்டினார். முஃபீதா போனின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“பெனிஷா நம்பரையும் கேளுங்க, அண்ணாச்சி.”